அறுபத்தஞ்சு வரைக்கும் ஏத்திக்குவானாம்

அறுபத்தஞ்சு வரைக்கும் ஏத்திக்குவானாம். கோலாட்ல படகு ஓட்டற எவனோ ஒருத்தன் நெட்டுல போட்டிருக்கான். பதினாலு வயசுல இருந்து 65 வரைக்கும், நீச்சல் தெரியோணும்னு இல்லை, ஆதார் கார்டு மட்டும் கொண்டாந்தா போதும். படிச்சேன். படிச்ச கையோட கட்டை விரலால மேல தள்ளியும் உட்டுட்டேன். தள்ளிட்டு யாராவது பாத்துட்டாங்களான்னு திரும்பிப் பாக்கறேன், திருட்டுப் பய மாதிரி. யாரு பாக்கப்போறா இந்த வாட்டர் வாஷ் ஷெட்டுல. பக்கத்துப் பிளாஸ்டிக் சேர்ல அம்மா மட்டுந்தான். மார்க்கெட்டுல காய் வாங்கி முடிச்சதும், காரைக் கழுவிட்டே போயிரலாம்மான்னு கூட்டிட்டு வந்தேன், மடியில கறிவேப்பிலைப் பையோட உக்காந்திருக்கு. அதோட கண்ணெல்லாம் காரு மேலதான். ஷெட்டுக்காரர் வண்டியை லிஃப்டுல தூக்கி நிறுத்தி அடியில தண்ணி அடிக்கறாரு, பவானி ரோட்டுச் சேறு முழுக்கக் கட்டி கட்டியா உழுவுது. சாரல் இங்க வரைக்கும் அடிக்குது. நான் சேரைப் பின்னால நகத்திக்கிட்டேன். அம்மா நகரல. அம்மாவோட முழங்கைல பொட்டுப் பொட்டா தண்ணி நிக்குது, அதைத் தொடைக்கக்கூட இல்லை. அறுபத்தஞ்சு வரைக்கும். சே, இதைப் பாக்காமயே இருந்திருக்கலாம். பாக்கலைன்னா தேடுனேன் கெடைக்கலைன்னு நெஞ்சுல கை வெச்சுச் சொல்லலாம். இப்ப பாத்தாச்சு, இனி எந்த ஊரைப் போட்டாலும் இது உள்ள உக்காந்துட்டு அறுபத்தஞ்சு, அறுபத்தஞ்சுன்னு கத்திட்டேதான் இருக்கும். கோலாட் ரொம்பத் தூரம், மகாராஷ்ட்ரா, ரயில் மாறோணும், அம்மாவுக்கு இடுப்பு வலி வந்துரும். ஆமா, இடுப்பு வலி. போன வருசம் காசிக்குப் போயிட்டு வந்து மறுநாளே மாவாட்டுன அம்மாவுக்கு இடுப்பு வலி வந்துருமாம். நல்லா இருக்குடா பூபதி உன்ற ஞாயம்.

இந்த டூரே அம்மாவோட ஆசைதான். அதை நெனைச்சாத்தான் இன்னும் அசிங்கமா இருக்கு. வேற யாராவது கேட்டிருந்தா லீவு இல்லை, ஆபீஸ்ல ஆடிட்டுன்னு சொல்லித் தட்டிக் கழிச்சிருப்பேன். பொங்கலுக்கு எல்லாரும் கூடியிருந்தப்ப என் தங்கச்சி சுகந்திதான் ஆரம்பிச்சா, அம்மாவுக்கு இந்தக் கார்த்திகையோட அறுபது முடியுது, என்ன பண்ணலாம்னு. சொந்தபந்தம் ஒறம்பரைல எல்லாத்துக்கும் ஆம்பளைக்கு அறுபது முடிஞ்சாத் திருக்கடையூரு, மாலையும் கழுத்துமா புருசன் பொண்டாட்டி, மறுபடியும் ஒரு தாலி. எங்கப்பா அறுபதைப் பாக்காமயே போயிட்டாரு. அவரு அறுபதுதான் விசேஷம், அவரு இல்லாத ஊட்டுல அம்மாவோட அறுபதுக்குன்னு எந்தக் கோயில்லயும் ஒரு சடங்கும் இல்லை. அம்மா மொச்சை உரிச்சுட்டே சொல்லுச்சு, எனக்கு ஆரு கண்ணு மாலை போடப்போறா, கோயிலெல்லாம் வேண்டாம், அந்த ரப்பர் படகுல ஒருக்கா ஏத்திக் கூட்டிட்டுப் போங்கன்னு. எல்லாரும் சிரிச்சுட்டோம். எந்த ரப்பர் படகும்மான்னா போன்ல பாத்துச்சாம், தலைல தொப்பி மாட்டிட்டுத் துடுப்பை வெச்சுட்டுப் பாறைக்கு நடுவுல போறாங்களே, பொம்பளைங்கெல்லாம் வாயைத் தொறந்து கத்தறாங்களே, அது. எனக்கும் அப்புடிக் கத்தோணும்னு இருக்குது, எத்தனை வருசமாச்சு வாய் உட்டுக் கத்தி. அதைச் சொல்றப்பவே சேலைத் தலைப்பை எடுத்து வாயை மூடிக்கிச்சு. சிரிப்பு அடங்குனதும் சுகந்தி அழுதுட்டா. அவ ஊட்டுக்காரரு, என் மச்சான், உடனே அம்மாவுக்காக வாட்ஸப்ல ஒரு குரூப்பே ஆரம்பிச்சாரு, அம்மா அறுபதுன்னு பேரு, துடுப்புப் படம் வேற. எந்த ஆறு, எந்த ஊரு, எவன்கிட்டப் போறதுங்கறதையெல்லாம் அண்ணன் பாத்து முடிவு பண்ணட்டும், அண்ணன் பாத்தா எல்லாம் சரியா இருக்கும்னுட்டா சுகந்தி. ஃபிரிட்ஜ் எடுக்கறதுன்னா நாந்தான். கல்யாணத்துக்கு வேன் பேசறதுன்னா நாந்தான். அண்ணன் பாத்தா சரியா இருக்கும். நான் தலையை ஆட்டுனேன்.

தண்ணின்னா எனக்குப் பயம். இவ்வளவுதான் விசயம், மூணு வார்த்தை. நாற்பது வயசு ஆம்பளை, மீசை வெச்சிருக்கேன், பதினோராவது படிக்கற பொண்ணுக்கு அப்பன், முழங்காலுக்கு மேல தண்ணி ஏறுனா எனக்கு மூச்சு நிக்குது. ஏன்னு கேட்டாச் சொல்றதுக்கு ஒரு கதைகூட இல்லை, அதுதான் எனக்கு வயித்தெரிச்சல். சின்ன வயசுல கெணத்துல உழுந்தேன், ஆத்துல இழுத்துட்டுப் போச்சுன்னு ஏதாவது இருந்தா ஐயோ பாவம்னாவது சொல்லுவாங்க. எனக்கு ஒண்ணும் நடக்கல. கெணத்துப் பக்கமே போகல நான். சும்மாவே பயம். இத்தனை வருசமா இதை எப்புடி மறைச்சேன்னா பொருளைப் பத்தரமா பாத்துக்கறவனா மாறிட்டேன். கொடிவேரி அணைக்குப் போனாலும் சரி, ஹோட்டல் நீச்சல் குளமா இருந்தாலும் சரி, எல்லாரும் எறங்கறதுக்கு முன்னாடி நான் துண்டை விரிச்சு உக்காந்துக்குவேன், எல்லார்த்துது போனும் வாச்சும் மச்சானோட மூக்குக் கண்ணாடியும் என் மடில. யாராவது ஒருத்தர் இருக்கோணுமில்ல, குரங்கு தூக்கிட்டுப் போயிருமில்ல. சுகந்தி பையன் எனக்கு லாக்கர் மாமான்னே பேரு வெச்சுட்டான். நானும் சிரிப்பேன். அந்தப் பேரு எனக்குச் சௌகரியமாவும் இருந்துச்சு. ஆனா ஆத்துப் படகுல லாக்கர் கிடையாது. கரையிலயே அவங்க ஆபீஸ் இருக்கு, பொருளெல்லாம் அங்க பூட்டி வெச்சுக்கலாம்னு எல்லாப் பக்கத்துலயும் கொட்டை எழுத்துல போட்டுத் தொலைச்சிருக்கானுங்க. அப்ப நான் கரைல நிக்கறதுக்கு ஒரு ஆள் வேணும். ஏற முடியாத ஒரு ஆள். பாவம் தனியா உட்டுட்டு எப்புடிப் போறதுன்னு பக்கத்துல உக்காந்துக்கற மாதிரி ஒருத்தரு. குரூப்புல இருக்கற எல்லாரையும் மனசுக்குள்ள ஒவ்வொருத்தரா நிறுத்திப் பாத்தேன். வயசாளின்னு சொல்றதுக்கு அம்மாவை உட்டா ஆரும் இல்லை. அப்பக்கூட நான் நிறுத்தல, தேடிட்டேதான் இருந்தேன்.

குடகுல ஒருத்தன் அம்பத்தஞ்சோட கதவைச் சாத்திட்டான். அதைப் போட்டா சுகந்திக்குச் சந்தேகம் வந்துரும், ஏண்ணா இதைப் போய்ப் புடிச்சேன்னு கேப்பா. தண்டேலில ஒருத்தன் இருக்கான், அறுபது வரைக்கும். அதைப் பாத்ததும் எனக்கு நிம்மதியா இருந்துச்சு பாருங்க, அந்த நிம்மதியை நெனைச்சாத்தான் இப்ப ஒடம்பு கூசுது. நெசத்துல பாத்தா அம்மா அங்கயும் ஏறலாம், அறுபது கார்த்திகையோடதான முடியுது, நாங்க போறது பூஜை லீவுக்கு. ஆனா ஆதார்ல அறுபத்திரெண்டு. அது ஒரு கூத்து. அம்மா சின்னதுல நெடுநெடுன்னு இருக்குமாம். அதோட அண்ணன்காரனைச் சேக்கறதுக்குத் தாத்தா பள்ளிக்கூடம் போனப்ப கூடவே போயி நின்னுருக்கு. வாத்தியார் வலது கையைத் தலை மேல கொண்டாந்து இடது காதைத் தொடச் சொன்னாராம், தொட்டுருச்சாம், அஞ்சு வயசு ஆச்சுன்னு எழுதிட்டாரு. அப்ப அதுக்கு மூணு. அந்த வயசுதான் சர்ட்டிபிகேட்டுல, ரேசன் கார்டுல, ஆதார்லன்னு அம்மா பின்னாலயே வந்துட்டு இருக்கு. இதைச் சொல்லி எத்தனை தடவை சிரிச்சிருக்கோம். இப்ப அதையே புடிச்சுட்டேன். ரெண்டே வயசுல போச்சு பாருங்கன்னு சொன்னா ஆரும் என்னைக் குத்தம் சொல்ல முடியாது, செத்துப்போன வாத்தியாரைத்தான் திட்டுவாங்க. எவ்வளவு கச்சிதமா வருது, அண்ணன் பாத்தா சரியாத்தான் இருக்கும். குரூப்புல டைப் பண்ணேன். தண்டேலி ஃபிக்ஸ் பண்ணிக்கலாம், நல்லா விசாரிச்சுட்டேன், அம்மாவுக்கு மட்டும் ஆதார் வயசு இடிக்குது. இதோட நிறுத்தியிருக்கலாம். நிறுத்தியிருந்தா வேற எடம் பாருண்ணான்னு சுகந்தி சொல்லிருவாளேன்னு பயம். அதனால மேல எழுதுனேன், அம்மாகிட்டக் கேட்டுட்டேன், எனக்கும் பயமாத்தான் இருக்குது, கரையிலயே உக்காந்துக்கறேன்னுட்டாங்க, துணைக்கு நானும் இருந்துக்கறேன். அம்மா பக்கத்துல உக்காந்திருக்கு. அம்மாவோட முழங்கை என் முழங்கைல இடிச்சுட்டு இருக்கு. அனுப்பிட்டேன்.

அனுப்பி மூச்சு உடறதுக்குள்ள அம்மாவோட மணிபர்ஸுக்குள்ள இருந்து டிங்குன்னு ஒரு சத்தம். அட மடையா, அந்தக் குரூப்புக்குப் பேரே அம்மா அறுபதுதான், அம்மா இல்லாம இருக்குமா.  அழிச்சுரலாமா, அழிச்சா அழிச்சதுன்னு ஒரு வரி நிக்கும், அது இன்னும் கேவலம். அம்மா எடுக்கல. ஷெட்டுக்காரர் காருக்கு நொரை போட ஆரம்பிச்சுட்டாரு, அதைப் பாத்துட்டு இருக்கு. அம்மாவுக்கு நெறைய எழுத்து இருந்தாப் படிக்கச் சோம்பல், படிக்காது, சாயங்காலம் நானே பக்குவமாச் சொல்லிக்கலாம்னு நெனைக்கறப்பவே மறுபடியும் டிங். இந்தத் தடவை எடுத்துருச்சு. சுகந்தி வாய்ஸ் அனுப்பியிருக்கா, அம்மாவுக்குத் தனியா. அம்மாவுக்கு வாய்ஸைக் காதுல வெச்சுக் கேக்கத் தெரியாது, ஊருக்கே கேக்கற மாதிரிதான் போடும். போட்டுச்சு. அம்மா, நீ படகுல வரலைன்னு அண்ணன்கிட்டச் சொல்லிட்டியாமா, பயமா இருக்குன்னியாமா, நெசமாவாம்மா, உனக்காகத்தானம்மா இதெல்லாம். சத்தம் நின்னுச்சு. நான் என் போன்ல எதையோ தீவிரமாப் பாக்கற மாதிரி பாத்துட்டு இருந்தேன், கண்ணுல எழுத்து ஒண்ணும் நிக்கல.  திட்டும். என்றா பூபதி இது, நான் எப்பச் சொன்னேன்னு கேக்கும். கேக்கட்டும், கேட்டுட்டாப் பரவால்லை. அம்மா என் பக்கம் திரும்பல. போனை வாய்க்கு நேரா புடிச்சு, பட்டனை அழுத்தி, எப்பவும் பேசற மாதிரி நிதானமாப் பேசுச்சு. ஆமா கண்ணு, நாந்தான் சொன்னேன். அன்னைக்கு ஏதோ ஆசைல சொல்லிட்டேன், நெனைச்சுப் பாத்தா எனக்குப் பயமா இருக்குது. நீங்கெல்லாம் போங்க. எனக்காகப் பாவம் அண்ணனும் ஏறலைங்குது, அதை ஒண்ணும் சொல்லாதீங்க.

அதை ஒண்ணும் சொல்லாதீங்க. எனக்கு அப்பவே எந்திரிச்சு ரோட்டுல நடந்து போயிரலாம் போல இருந்துச்சு. அம்மா போனைப் பர்ஸுல போட்டு ஜிப்பை இழுத்து மூடுச்சு. ஒரு டீ சொல்லு சாமி, சக்கரை கம்மியான்னுச்சு. அவ்வளவுதான். மொகத்துல ஒரு கோவம் இருந்தாத்தான என்ன, ஒரு சுளிப்பு இருந்தாத்தான என்ன. நான் டீயை வாங்கிக் குடுத்தேன். அம்மா ஊதி ஊதிக் குடிக்குது. சூடாக் குடிக்க முடியாது, பல் செட்டு. மேல் வரிசை முழுக்கச் செட்டு, அது எனக்கும் அந்த டாக்டருக்கும் மட்டுந்தான் தெரியும். சுகந்திக்குத் தெரியாது, ஊட்டுல என் சம்சாரத்துக்குக்கூடத் தெரியாது. ஆருகிட்டயும் சொல்லிறாதடா சாமி, பேரன் பேத்தி பாத்தாப் பொக்கைன்னு சிரிக்கும்னு என்னைக் கையைப் புடிச்சுக் கேட்டுக்கிச்சு, நானும் இன்னிக்கு வரைக்கும் வாயைத் தொறக்கல. அதனாலதான் சிரிக்கறப்ப எல்லாம் தலைப்பு வாய்க்குப் போகுது. சுகந்தி அதை வெக்கம்னு நெனைச்சுட்டு இருக்கா. அம்மாவோட வெக்கத்தை நான் காப்பாத்துனேன், அது நெசம். என்னோடதை அம்மா காப்பாத்திருச்சு, அதுவும் இப்ப, என் கண்ணு முன்னாடி. ஆனா ரெண்டும் ஒண்ணாயிருமா. பல் செட்டை மறைச்சதுல ஆரோட ஆசையும் கெடல. சொல்லிருடா, இப்பச் சொல்லிரு, அம்மா நான் பொய் சொன்னேன், தண்ணின்னா எனக்குப் பயம்மா. வாய் வரைக்கும் வந்துச்சு. டீ எப்புடிம்மா இருக்குன்னு கேட்டேன். கொஞ்சம் சக்கரை எச்சுன்னுச்சு.

வண்டியைக் கீழ எறக்கிட்டாரு. நொரை முழுக்க வழியுது, இனி மேல இருந்து தண்ணி அடிச்சு அலசோணும். அம்மா டம்ளரையும் பையையும் என் கைல குடுத்துட்டு எந்திரிச்சுப் போயி ஷெட்டுக்காரர்கிட்ட, ஏனுங்க, நான் உள்ள உக்காந்துக்கட்டுங்களான்னு கேட்டுச்சு. எதுக்குங்கம்மா, சும்மா சேர்ல உக்காருங்கன்னாரு அவரு. இல்லைங்க, உக்காந்து பாக்கோணும்னு இருக்குது. அவரு என்னைப் பாத்தாரு. நான் தலையை ஆட்டுனேன். சரிங்கம்மா, கதவை மட்டும் நல்லாச் சாத்திக்கங்கன்னாரு. அம்மா முன் சீட்டுல ஏறி, கதவைச் சாத்தி, சீட் பெல்ட்டை வேற இழுத்து மாட்டிக்கிச்சு. மாட்டிட்டுக் கதவுக்கு மேல இருக்கற கைப்பிடியை ரெண்டு கையாலயும் எட்டிப் புடிச்சுக்கிச்சு. அவரு தண்ணியைத் தொறந்தாரு. முன் கண்ணாடில மொத்தையா வந்து அடிக்குது, நொரை கலைஞ்சு ஓடுது, அம்மா ஒரு பக்கம் சாயுது, மறுபக்கம் சாயுது, நிக்கற காருல என்னத்தைச் சாயறது, ஆனாச் சாயுது. வாய் தொறந்திருக்கு. கத்துதா சிரிக்குதா தெரியல, ஒண்ணும் கேக்கல. ரெண்டு கையும் கைப்பிடில இருக்கறதால தலைப்பை எடுத்து வாயை மூட முடியல. அந்தப் பல்லை டாக்டர் ஊட்டுல பாத்தது, அதுக்கப்புறம் இன்னிக்குத்தான் முழுசாப் பாக்கறேன். என் அம்மா வாட்டர் வாஷ் ஷெட்டுல நிக்கற காருல உக்காந்து ஆத்துல போயிட்டு இருக்கு. நான் இங்கயும் கரைல நின்னுட்டு அம்மா டம்ளரையும் கறிவேப்பிலைப் பையையும் புடிச்சுட்டு இருக்கேன். அதுக்கு மேல என்னால முடியல. போனை எடுத்துக் குரூப்புல வாய்ஸை அழுத்துனேன். சுகந்தி, அம்மா அப்புடிச் சொல்லவே இல்லை, நான் அம்மாகிட்டக் கேக்கவும் இல்லை. பயம் எனக்குத்தான். எனக்குத் தண்ணின்னா ஆகாது, எப்பவுமே ஆகாது. கோலாட்ல ஒருத்தன் அறுபத்தஞ்சு வரைக்கும் ஏத்திக்கறான், அங்க போலாம், அம்மா வருது. தண்ணி சத்தத்துல என் பேச்சு கேக்காமப் போயிட்டா நல்லா இருக்கும்னு ஒரு எண்ணம் அப்பக்கூட வந்துச்சு. அனுப்புனேன். அது போனதும் சேர்ல உக்காந்துட்டேன்.

கார்க்குள்ள அம்மா பர்ஸைத் தொறக்கறது கண்ணாடி வழியாத் தெரிஞ்சுச்சு. போனை வெச்சுட்டுக் குனிஞ்சு கேக்குது. ரொம்ப நேரம் குனிஞ்சே இருந்த மாதிரி இருந்துச்சு. அவரு தண்ணியை மூடிட்டுப் பின்பக்கத்துக்குக் குழாயை இழுத்துட்டுப் போனாரு. அம்மா கதவைக் கொஞ்சமாத் தொறந்து இங்க வான்னு தலையை ஆட்டுச்சு. போனேன், தலையைத் தூக்க முடியல, அம்மா செருப்பையே பாத்துட்டு நின்னேன். நீ மேல தள்ளி உட்டியே ஒரு பக்கம், 65-ன்னு போட்டிருந்துச்சே, அவந்தானன்னுச்சு. எனக்குத் தூக்கி வாரிப் போட்டுச்சு. பாத்தியாம்மா. நம்பரு பெருசாத்தான போட்டிருக்கான், கண்ணு என்ன எனக்குப் பொட்டையா. அப்ப ஏம்மா சுகந்திகிட்ட அப்புடிச் சொன்னே, என்னை நாலு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல. அம்மா பர்ஸை மூடி மடில வெச்சுக்கிச்சு. தொப்பி குடுப்பானாடான்னு கேட்டுச்சு. குடுப்பாம்மா. கத்தலாமா. கத்தலாம்மா, எல்லாரும் கத்துவாங்க. நீ ஏறலையான்னுச்சு. நான் தலையைக் குனிஞ்சேன். இல்லைம்மா, என்னால ஆகாது. சரி ஏற வேண்டாம், உன்னை ஆரு ஏறச் சொன்னாங்க, ஆனா எனக்கு ஒரு வேலை செய்யோணும்னு சொல்லிட்டு அக்கம்பக்கம் பாத்துச்சு. ஷெட்டுக்காரர் பின்னால டிக்கியைத் தொடச்சுட்டு இருந்தாரு. அம்மா குரலைத் தணிச்சு, கத்தறப்ப செட்டு தண்ணிக்குள்ள உழுந்துரும், கழட்டி உன்கிட்டக் குடுத்துட்டுத்தான் ஏறோணும், பத்தரமா வெச்சிருன்னுச்சு. வெச்சிருக்கேம்மா. வெச்சிருந்தாப் போதாதுடா, படகுல நான் பின்னால உக்காந்துக்குவேன், ஆரும் பாக்க மாட்டாங்க, ஆனா படகு வந்து நின்னதும் சுகந்தி போட்டோ எடுக்கோணும்னு வந்து நிப்பா, நான் கரை ஏறறதுக்குள்ள வாயில மாட்டியிருக்கோணும், ஆரு கண்ணுலயும் படக்கூடாது. படகு எங்கம்மா நிக்கும்னு கேட்டேன், எங்க நிக்கும்னு நல்லாத் தெரிஞ்சே கேட்டேன். வீடியோல பாத்தேன், கரைக்கு வராது, தண்ணிக்குள்ளயே நிறுத்தித்தான் எறக்கி உடறான், தொடை வரைக்கும் இருக்கும். நீ அங்க வந்து குடுக்கோணும். அம்மா என் மொகத்தையே பாத்துட்டு இருந்துச்சு. வேற ஆருகிட்டச் சாமி நான் குடுக்க முடியும்.